பெரியபாளையத்துக் கல்யாணமும் பழவேற்காட்டுக் கடற்கரையும்: படமெடுக்க யாரை அழைப்பது?

முகூர்த்தத் தேதி குறித்த மறுநாளே மண்டபம், சமையல், புகைப்படம் என்று தேடல் தொடங்கிவிடுகிறது. மண்டபத்தை நேரில் போய்ப் பார்க்கிறோம். சமையல்காரரின் கைப்பக்குவத்தை இன்னொரு கல்யாணத்துப் பந்தியில் உட்கார்ந்து சோதிக்கிறோம். புகைப்படக்காரரை மட்டும் வாட்ஸ்அப்பில் வந்த நாலைந்து படங்களையும் ஒரு தொகையையும் வைத்து முடிவு செய்துவிடுகிறோம். பந்தி அன்றோடு முடிகிறது, மண்டபச் சாவியை மறுநாள் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த நாளில் செலவழித்தவற்றில் பேரன் பேத்தி வரை போய்ச் சேருவது படங்கள்தான். மிகக் குறைவாக யோசித்து எடுக்கும் முடிவும் அதுவாகவே இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி வடிவம் உண்டு. ஊரில் இருக்கும் ஸ்டூடியோக்காரரை அழைப்பதா, சென்னையிலிருந்து ‘கேண்டிட்’ குழுவை வரவழைப்பதா? மணமக்களைக் கடற்கரையில் வைத்து எடுக்க வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்கா, மாமல்லபுரத்துக்கா, அங்கே யாரோடு போவது? இந்தத் தேர்வின் எல்லாப் பக்கங்களையும் இந்தக் கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் சடங்கின் வரிசையும் இந்த இடத்தின் வெளிச்சமும் அறிந்த உள்ளூர்க்காரரை அழைப்பதே பெரும்பாலும் நல்லது. ஆனால் தெரிந்தவர் என்ற நம்பிக்கை எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. இரண்டும் சேர வேண்டும்.

ஊரும் அதன் நாட்காட்டியும்

பெரியபாளையம் ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பவானி அம்மன் கோயில்தான் அதன் மையம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஜனப்பஞ்சத்திரம் கூட்டுச்சாலை வந்து, ஊத்துக்கோட்டைச் சாலையில் திரும்பினால் ஊர் வந்துவிடும். பக்கத்திலேயே கல்யாண வரமும் சொந்த வீட்டு வரமும் வேண்டிக் கூட்டம் வரும் சிறுவாபுரி முருகன் கோயில் இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் என்று தொழிற்பேட்டைகள். விவசாயக் குடும்பங்கள், ஆலைத் தொழிலாளர்கள், வேலைக்காக வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் என்று கலவையான மக்கள். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஒரே தெருவில் வசிக்கின்றன. சடங்கு வீட்டுக்கு வீடு மாறும்.

புகைப்படத் தொழிலுக்குத் தமிழ்நாடெங்கும் ஒரு நாட்காட்டி உண்டு. தை, பங்குனி, வைகாசி, ஆவணி மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. பெரியபாளையம் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு. இங்கே ஆடிதான் திருவிழா மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் பெருகி, ஆடி முடிந்த பிறகும் வாரக்கணக்கில் நீளும். பொங்கல் வைப்பது, மொட்டையடிப்பது, காது குத்துவது, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலை வலம் வருவது என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். மற்ற ஊர் ஸ்டூடியோக்கள் சும்மா இருக்கும் மாதத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குக் கை நிறைய வேலை. அந்த ஞாயிறுகளில் சென்னையிலிருந்து காரில் வரும் குழு நெரிசலில் மாட்டிக்கொண்டால், அவர்கள் வந்து சேரும்போது குழந்தையின் தலை மழித்து, சந்தனமும் பூசியிருப்பார்கள். ஊர்க்காரருக்கு இந்தக் கவலை இல்லை. எந்தச் சந்தில் வண்டியை நிறுத்தி நடந்தால் கோயிலுக்குப் போகலாம் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஸ்டூடியோவிலிருந்து கேண்டிட் வரை

தமிழகத்துக்குப் புகைப்படக் கலை வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். குடும்பங்களுக்குப் புகைப்படம் எட்டியது ஸ்டூடியோக்கள் வழியாக. திரைச்சீலையில் வரைந்த தோட்டமும் மாடிப்படியும் பின்னணியாக இருக்க, மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார, பெண் பக்கத்தில் நிற்க, கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து எடுக்கும் ஒற்றைப் படம்தான் பல வீடுகளில் அந்தக் கல்யாணத்துக்கே சாட்சி.

பிறகு கேமரா மண்டபத்துக்குள் வந்தது. ஒரு சுருளில் 36 படம் என்ற கணக்கு, புகைப்படக்காரர் எந்த நொடியில் விரலை அழுத்த வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டுச் சுருள்களைத் தயாரித்தது. எண்பதுகளில் வீடியோ வந்தது. கண்ணைக் கூச வைக்கும் ஃபோகஸ் லைட்டும், ஒவ்வொரு விருந்தாளியாகப் பந்தியில் பிடித்துக்கொண்டு போகும் கேமராவும், பின்னணியில் சினிமாப் பாட்டும் சேர்ந்து ஒரு தலைமுறையின் கல்யாண நினைவாகின. 2000க்குப் பிறகு டிஜிட்டல் கேமராவும் கரிஷ்மா ஆல்பமும் வந்தன. கடந்த பதினைந்து ஆண்டுகளாக மேடையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பதை ‘டிரெடிஷனல்’ என்றும், எடுக்கப்படுவோருக்குத் தெரியாமல் எடுப்பதை ‘கேண்டிட்’ என்றும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி விலை என்றாகிவிட்டது. ட்ரோன், எல்இடி திரை, நேரலை, டீசர், ரீல்ஸ் எல்லாம் இதன் மேல் அடுக்கப்பட்டவை.

ஆனாலும் ‘டிரெடிஷனல்’ படத்தைத் தாழ்வாக நினைப்பது தவறு. பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம், ஆலையில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று மேடையேறி மணமக்களோடு நிற்கும் படங்களில்தான் ஒரு வம்சத்தின் முகங்கள் முழுதாகப் பதிகின்றன. இருபது வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் தேடுவது அந்தப் பக்கங்களைத்தான். மணப்பெண்ணின் கண்ணிமையையும் மருதாணிக் கையையும் அழகாக எடுத்துவிட்டு, தாத்தாவை ஒரு படத்தில்கூட முழுதாக எடுக்காமல் போன குழுவை எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும் நல்ல குழு என்று சொல்ல முடியாது.

நால்வரில் யார்?

இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் முன் நாலு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஊர் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் அளவுப் படமும், லேமினேஷனும், ஃப்ளெக்ஸ் பேனரும் நாள்தோறும் நடக்கும் கடை. அதன் உரிமையாளர் முகூர்த்த நாளில் மண்டபத்தில் இருப்பார். பலம், அறிமுகம். யார் தாய்மாமன், யார் நாத்தனார், எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுகூடத் தெரிந்தவராக இருப்பார். கல்யாணம் முடிந்த பிறகும் அதே கடைத்தெருவில் இருப்பார், ஆல்பம் தாமதமானால் நேரில் போய்க் கேட்கலாம். பலவீனம், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மூன்று வேலையை ஒப்புக்கொண்டு உதவியாளரை அனுப்பிவிடும் ‘டபுள் புக்கிங்’ பழக்கம். சில கடைகளில் கருவியும் வடிவமைப்பும் பழையதாக இருக்கும்.

இரண்டாவது, சென்னைக் குழு. கையில் நல்ல லென்ஸ்கள், புதிய கண், நேர்த்தியான எடிட்டிங். ஆனால் நாம் படத்தைப் பார்த்து மயங்கிய கலைஞர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார் என்று உறுதியில்லை. நிறுவனத்தின் பெயரில் முன்பதிவு நடக்கும், தனித்தனியாக வேலை பார்க்கும் ஃப்ரீலான்சர்கள் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போக்குவரத்து, தங்குமிடம் இரண்டும் நம் செலவு. அதிகாலை முகூர்த்தமென்றால் முந்தைய இரவே அறை போட்டாக வேண்டும்.

மூன்றாவது, சுற்றுலா இடத்தில் இருக்கும் புகைப்படக்காரர். மாமல்லபுரத்திலும் கன்னியாகுமரியிலும் கையில் மாதிரிப் படங்களோடு நின்று, எடுத்த படத்தை அங்கேயே பிரின்ட் போட்டுத் தருபவர்கள் இந்த வழியின் மூத்தவர்கள். இன்று உலகம் முழுக்க இது இணையவழித் தொழிலாகிவிட்டது. போகிற நகரத்திலேயே வசிக்கும் ஒரு புகைப்படக்காரரைப் பயணி ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். பாலி, தாய்லாந்து, மாலத்தீவு என்று வெளிநாட்டுக் கடற்கரையில் திருமணமோ தேனிலவோ திட்டமிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்க் கூலிக்கு வேலை செய்வதை அந்நாடுகள் அனுமதிப்பதில்லை. ஊரிலிருந்து அழைத்துப்போகும் புகைப்படக்காரர் அங்கே சிக்கலில் மாட்டலாம். அங்குள்ளவரை அமர்த்துவதே சட்டத்துக்கும் பணத்துக்கும் பாதுகாப்பு.

நாலாவது, கேமரா வைத்திருக்கும் உறவுக்காரப் பையன். வளைகாப்புக்கு இது போதும். கல்யாணத்துக்கு வேண்டாம். அவன் விருந்தாளி, சாப்பிடவும் சிரிக்கவும் வந்தவன். அவனிடம் மாற்று கேமராவோ மாற்று மெமரி கார்டோ இருக்காது. ஏதாவது தவறிவிட்டால் படமும் போகும், உறவும் போகும்.

எங்கே நிற்பது என்று தெரிந்தவர்

உள்ளூர் அறிவு என்று பொதுவாகச் சொல்வதை இரண்டு நொடிகளில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் நொடி, காது குத்து. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் பாட்டிமார், சீர்த்தட்டு, பொங்கல் அடுப்புகளிலிருந்து வரும் புகை. பத்தர் கம்பியை எடுக்கிறார். குத்தும் நேரம் ஒரு நொடிகூட இல்லை. அந்த நொடியில் படத்தில் வர வேண்டியவை மூன்று: குழந்தையின் முகம், மாமனின் முகம், பத்தரின் கை. பழகாதவர் நின்றபடி மேலிருந்து எடுப்பார். மொட்டைத் தலையும் பத்தரின் முதுகும்தான் விழும். பழகியவர் எந்தக் காதில் முதலில் என்று பத்தரிடமே கேட்டுக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் குழந்தையின் கண் மட்டத்துக்கு மண்டியிட்டுக் காத்திருப்பார். அழுகை அடங்கியதும் மாமன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்வார். அடுத்து அதுதான் வரும் என்று தெரிந்திருப்பதால், பழகியவர் கேமராவைக் கீழே இறக்க மாட்டார்.

இரண்டாவது நொடி, தாலி. கெட்டிமேளம் கேட்டதும் மண்டபமே எழுந்து நிற்கிறது. அட்சதை மழை, கைபேசிகளின் காடு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். பல வீடுகளில் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவார். இந்தச் சில நொடிகளுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேடையில் மணமக்களுக்கு நேர் எதிரே, யாரும் மறைக்காத இடத்தில். இன்னொருவர் பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்தபடி. ஐயரோ ஊர்ப் பெரியவரோ எந்தச் சொல்லுக்குப் பிறகு தாலியை எடுத்துக் கொடுப்பார் என்று தெரிந்த புகைப்படக்காரர் அதற்கு முன்பே கேமராவைத் தயாராக வைத்திருப்பார். தெலுங்குக் குடும்பமென்றால் ஜீலகர்ர பெல்லம், தலம்பிராலு என்று சடங்குகளின் வரிசை வேறு. எல்லைப்புறத்தில் தொழில் செய்கிறவருக்கு இரண்டும் பழக்கம்.

மண்டபத்து வெளிச்சமும் ஒரு சோதனை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஆகவே பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். 1/50 அல்லது 1/100 நொடிக்கு ஷட்டரை வைத்துப் பார்ப்பது, முந்தைய நாள் ரிசப்ஷனுக்கு முன்பே மண்டபத்தில் சோதனைப் படம் எடுப்பது போன்றவை அதே மண்டபத்தில் பல கல்யாணம் எடுத்தவருக்கு இயல்பாக வரும். வெளியூர்க் குழுவை அழைத்தால் இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குள் நிலைமை வேறு. மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கோயிலில் தாலி கட்ட நினைக்கும் குடும்பம் எந்த இடம்வரை கேமரா போகலாம் என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும். இன்னொன்று, பின்னணியில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வரும் பெண்கள் இருப்பார்கள். அது அவர்களின் நேர்த்திக்கடன், நம் ஆல்பத்துக்கான அலங்காரம் ஆகாது. அவர்கள் முகம் தெரியும்படி எடுத்து ரீல்ஸில் போடுபவரை எந்தக் குடும்பமும் அமர்த்தக் கூடாது.

கடற்கரை சொல்லும் பாடம்

கல்யாணத்துக்கு முன்போ பின்போ ‘அவுட்டோர் ஷூட்’ இல்லாத குடும்பம் இப்போது அரிது. பெரியபாளையத்தாருக்கு அருகில் இருக்கும் கடல், பொன்னேரி வழியாகப் போகும் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே இருக்கிறது. 1613ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் எச்சமும், மண்டையோடு செதுக்கிய கல்லறைகளும், குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டமும் அந்த ஊரின் சொத்து. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளமும் மாமல்லபுரமும் ரிசார்ட்டுகளும் இருக்கின்றன. கோவளம் 2021ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை.

சோழமண்டலக் கரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே சூரியன் கடலில் உதிக்கும், நிலத்தில் மறையும். கோவாவிலும் கேரளத்திலும் எடுத்த படங்களைக் காட்டி, அலைக்குப் பின்னால் அஸ்தமிக்கும் சூரியன் வேண்டுமென்று கேட்டால் இங்கே கிடைக்காது. கடலும் பொன்னொளியும் ஒரே சட்டகத்தில் வேண்டுமென்றால் விடியலில்தான் எடுக்க வேண்டும். மே மாதத்தில் சூரிய உதயம் ஏறத்தாழ 5.45 மணிக்கு, ஜனவரியில் 6.30 மணிக்கு. மணப்பெண்ணின் அலங்காரத்துக்கு இரண்டு மணி நேரம், பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் பின்னிரவிலேயே வேலை தொடங்கியாக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாத புகைப்படக்காரர் அந்தக் கடற்கரையை அறியாதவர்.

நடுப்பகலில் எடுக்கவே கூடாது. இந்த அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். சித்திரையும் ஆவணித் தொடக்கமும் நம் கல்யாணக் காலம் என்பதால் இது முக்கியம். அந்த வெயிலில் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். மாலையில் சூரியன் நிலத்தின் பக்கம் சாய்ந்த பிறகு, கடலைப் பின்னணியாக வைத்து நின்றால் முகத்தில் மென்மையான ஒளி விழும். பௌர்ணமி அன்று கடலிலிருந்து நிலா எழுவதும் இந்தக் கரைக்கே உரிய காட்சி.

உப்புக் காற்று லென்ஸில் படியும், மணல் கேமராவின் இடுக்கில் புகும். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஆவி படிந்து படம் மங்கும். கேமராவைச் சற்று முன்பே வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால், அந்த மாதங்களில் எடுக்கும் ‘ஷூட்’டுக்கு மாற்றுத் தேதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

படகு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இந்த வட்டாரம் மறக்கக் கூடாத நாள் அது. பட்டுப்புடவையும் நகையும் அணிந்த பெண்ணைப் பாதுகாப்புச் சட்டை இல்லாமல் படகு முனையில் நிற்க வைத்து எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்படி எடுக்கலாம் என்று சொல்பவரும் வேண்டாம்.

அனுமதிகளும் உண்டு. மாமல்லபுரம் சின்னங்களும் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலியும் விளக்கும் வைத்து எடுக்க அனுமதி வேண்டும். பறவைகள் சரணாலயப் பகுதியில் வனத்துறையிடம் கேட்க வேண்டும். ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவருக்கு இயக்குநர் சான்றிதழ் வேண்டும், ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். பசுமை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை, சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் துறைமுகங்களும் இருக்கும் கரை இது. இந்த மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்புகிறவரால் கல்யாண வீடு காவல் நிலையத்துக்கு அலைய நேரும்.

நம் நிறத்தில் நாம்

நல்ல புகைப்படக்காரரை அறிய எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை ஒன்று உண்டு. அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் வாங்கி, அதில் கறுத்த நிறமுள்ளவர்களின் முகங்களைப் பாருங்கள். நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்பும். கல்யாணத்தில் வெள்ளை வேட்டியும் பளபளக்கும் ஜரிகையும் கேமராவின் ஒளியளவியை ஏமாற்றும். சட்டை சரியாக விழும், முகம் இருண்டுவிடும். அதைச் சரிசெய்யத் தெரியாதவர் எடிட்டிங்கில் முகத்தை வெளுத்துவிடுவார். சாம்பல் பூசியது போன்ற முகங்களோடு ஆல்பம் வரும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்களின் படம் கொண்ட ‘ஷெர்லி’ அட்டைகளை வைத்தே பிரின்ட் நிறத்தைச் சரிபார்த்தது. கறுத்த தோலின் நுட்பமான சாயல்கள் அந்தக் காலப் படங்களில் தொலைந்துபோயின. இன்றைய சென்சார்கள் நன்றாகவே பதிகின்றன. மீதிப் பொறுப்பு மனிதருடையது. ‘முகத்தை வெளுக்க வேண்டாம், உள்ள நிறத்தில் இருக்கட்டும்’ என்று குடும்பம் முதல் நாளே சொல்ல வேண்டும். அம்மாவின் நிறத்தை மாற்றிக் காட்டும் ஆல்பம் மகளுக்குச் சொல்லும் செய்தி மோசமானது.

பணம், ஒப்பந்தம், சட்டம்

தொகையை மட்டும் வைத்து இரண்டு புகைப்படக்காரர்களை ஒப்பிட முடியாது. அந்தத் தொகைக்குள் எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை நிகழ்ச்சி என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஆல்பம் 12க்கு 36 அங்குலமா, எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை? எடிட் செய்யாத மொத்தப் படங்களும் கிடைக்குமா? வீடியோ எத்தனை மணி நேரம், எத்தனை மாதத்தில்? வண்டிச் செலவு யாருடையது? ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 விழுக்காடு வரி தொகைக்குள்ளா, வெளியேயா? இவற்றுக்குப் பதில் வந்த பிறகுதான் எது மலிவு என்று தெரியும்.

இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் சண்டை பாக்கிப் பணமும் ஆல்பமும் தொடர்பானது. கல்யாணக் கடனில் மூழ்கிய குடும்பம் மீதித் தொகையைத் தள்ளிப்போடும், அது வராமல் புகைப்படக்காரர் ஆல்பத்தைக் கொடுக்க மாட்டார். குடும்பம் படங்களைத் தேர்ந்து கொடுப்பதற்கே பல மாதம் எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்தத் தாமதத்துக்குப் புகைப்படக்காரரைக் குறைசொல்வது நியாயமில்லை. இரு பக்கமும் காக்க எளிய வழி, தொகையை மூன்றாகப் பிரிப்பது. முன்பணம், முகூர்த்த நாளில் ஒரு பகுதி, ஆல்பம் கையில் வாங்கும்போது மீதி. தேர்வுப் படங்களை இன்ன தேதிக்குள் கொடுப்போம், அதிலிருந்து இத்தனை நாளில் ஆல்பம் வரும் என்று இரு தரப்பும் எழுத வேண்டும். யார் நேரில் வந்து எடுப்பார் என்று பெயரும் எழுதப்பட வேண்டும். ‘டபுள் புக்கிங்’கைத் தடுக்கும் வரி அது.

படம் யாருக்குச் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கூலி பெற்று எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே சிறிய எழுத்தில் உரிமையை மாற்றும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதேசமயம் நல்ல வேலையைத் தன் பக்கத்தில் காட்ட விரும்புவது புகைப்படக்காரரின் நியாயமான ஆசை. எந்தப் படங்களைப் போடலாம், யாருடைய முகம் வரக் கூடாது என்று பேசி எழுதிக்கொள்ளலாம். குழந்தைகளின் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏமாற்றம் நேர்ந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும், நிறுவனம் சென்னையில் இருந்தாலும் திருவள்ளூரிலேயே முறையிடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். ரசீதும் ஒப்பந்தமும் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும்.

புகைப்படக்காரருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. முந்தைய மாலை தொடங்கி மறுநாள் மதியம்வரை நின்றபடி வேலை செய்பவர்கள் அவர்கள். கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் மட்டும் மிஞ்சும்வரை அவர்களைக் காக்க வைப்பது நம் விருந்தோம்பலுக்கு இழுக்கு. இரண்டாம் பந்தியிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படங்கள் பிழைத்திருக்க

தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களில் இருந்த ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள் ஈரத்திலும் பூஞ்சையிலும் அழிந்தன. எஞ்சியவற்றைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்து டிஜிட்டல் வடிவுக்கு மாற்றியது. சாதாரணக் குடும்பங்களின் கல்யாணப் படங்களும் சமூக வரலாற்றுக்கு ஆவணம் என்பதை அந்தப் பணி காட்டியது.

இன்றைய படங்களுக்கு வேறு ஆபத்து. மெமரி கார்டு கெடும், ஹார்டு டிஸ்க் நின்றுபோகும், ஸ்டூடியோ மூடிவிடும். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கல்யாணத்தின் மூலக் கோப்புகள் 100 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம், சிறிய பென் டிரைவ் அதற்குப் போதாது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில் என்பது உலகெங்கும் பின்பற்றும் விதி. நம் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், பெண் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும். அச்சிட்ட ஆல்பத்தையும் விடக் கூடாது. மின்சாரமும் கடவுச்சொல்லும் இல்லாமல் பாட்டி பார்க்க முடிவது அது ஒன்றைத்தான்.

என்ன செய்யலாம்?

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் பெரியபாளையம் வட்டாரத்துக் குடும்பத்துக்கு நான் சொல்வது இது. சடங்குக்கும் மேடைக்கும் உள்ளூர்க்காரரை அழையுங்கள். வசதி இருந்தால் கேண்டிட்டுக்கு வெளியூரிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இருவரும் முந்தைய நாளே சந்தித்து யார் எங்கே நிற்பது என்று பேசி வைக்கட்டும். கடற்கரைக்குப் போனால் விடியலில் போங்கள், அந்தக் கரையில் முன்பு எடுத்தவரோடு போங்கள். மாதிரிப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு முழு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு பக்க ஒப்பந்தமாவது தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

பொது வேலைகளும் மிச்சமிருக்கின்றன. ஊர்தோறும் இருக்கும் புகைப்பட, வீடியோ கலைஞர் சங்கங்கள் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தை அச்சிட்டு எல்லா ஸ்டூடியோக்களிலும் வைக்கலாம். கோயில் நிர்வாகம் எங்கே படமெடுக்கலாம், எங்கே கூடாது, யாரிடம் அனுமதி என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் வாசலில் எழுதி வைக்கலாம். இளைய புகைப்படக்காரர்களுக்கு வெளிச்சம், நிறம், சேமிப்பு, ட்ரோன் விதிகள் பற்றிய பயிற்சியைத் தொழிற்பேட்டை வட்டாரத்தின் ஐடிஐக்களும் கல்லூரிகளும் கொடுக்க முடியும். ஆலை வேலைக்குப் போகாமல் கேமராவை நம்பி ஊரிலேயே பிழைக்க நினைக்கும் ஒரு பையனுக்கு நாம் தரும் வேலை, அவனை நம் கல்யாணங்களின் காப்பாளனாக்குகிறது. அந்தப் பொறுப்புக்குரிய கூலியை நேரத்தில் கொடுத்து, அந்தப் பொறுப்புக்குரிய தரத்தைத் தயங்காமல் கேட்டு வாங்குவோம்.